இருபது பை புளியங்கொட்டை

அன்னைக்குக் காலையில பல்லு விளக்கிக்கிட்டே ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமே என் பொண்டாட்டியோட பள்ளிக்கூட வேலைக்கு ஒரு துரும்பக்கூட எடுத்துப் போட மாட்டேன். முடிவுன்னா முடிவுதான்.

நான் ஸ்டான்லி. அல்லிநகரத்துல தேங்காய் மண்டி வச்சிருக்கேன். லாரி டிரைவர், லோடுமேன், தரகர் எல்லாரும் என் சத்தத்துக்கு நடுங்குவாக. வீட்டுல என் சத்தம் எடுபடாதுன்னு ஊருல பேசுறாக. வீட்டுல நான் சத்தமே போடுறதில்ல, அப்புறம் எப்படி எடுபடும்?

என் பொண்டாட்டி ஜெபஷீலா ரெண்டாங்கிளாஸ் டீச்சர். சின்னமனூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரு, சின்னப் பள்ளிக்கூடம். அவ கிளாஸுல இருபது பிள்ளைக. வேலை பாக்குறது மட்டும் இருபத்தோராவது ஆளு, அது நான். போன வருஷம் மரம் நடு விழாவுக்கு என்னய மரமா நிப்பாட்டுனா. "மரத்துக்கு வசனம் கெடையாதுங்க, சும்மா நின்னாப் போதும்"னா. மரத்த வெட்ட வர்ற காட்சிய மட்டும் சொல்லல. அட்டைக் கோடாலிதான். ஆனா எட்டுப் பிள்ளைக சேந்து முழங்காலுல போட்டா எந்த மரத்துக்கும் வலிக்கும்.

வாயக் கொப்புளிச்சு முடிக்கல, அடுக்களையிலேர்ந்து குரல் வந்துச்சு.

"என்னங்க, வர்ற வெள்ளிக்கெழம என்ன நாளு தெரியுமா?"

எனக்குக் குப்புன்னு வேர்த்துருச்சு. கல்யாண நாளா? அது மே மாசம். அவ பெறந்த நாளா? அது போன மாசமே மறந்து, வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு.

"பள்ளிக்கூடம் தொறந்து நூறாவது நாளு!"

"அதுக்கு?"

"நூறு நாள் விழா வைக்கிறேன். பிள்ளைக நூறு அடி நடக்கணும், நூறு பூ கோக்கணும், நூறு வரைக்கும் எண்ணணும். எல்லாமே நூறு."

"சினிமாப் படந்தான் நூறு நாள் ஓடுனா விழா எடுப்பாக. பள்ளிக்கூடத்துக்குமா?"

"நம்ம பள்ளிக்கூடம் ஓடணும்னுதாங்க எடுக்குறேன்."

அவ குரல் இறங்கிருச்சு. தோசைக்கரண்டியோட வெளிய வந்து நின்னா.

"எங்கிட்டப் பவுனுன்னு ஒரு பிள்ளை படிக்குதுல்ல? அவ அம்மா அய்யம்மாள், வேன் வர்ற பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்குப் பாரம் வாங்கிட்டு வந்துருச்சு. 'எம்மக இங்கன எண்ணக்கூடப் படிக்கல டீச்சரு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது."

"எண்ண வராதா?"

"இருபத்தொம்போது வரைக்கும் கடகடன்னு வரும். அப்புறம் இருபத்துப்பத்து, இருபத்துப்பதினொண்ணுன்னு போயிக்கிட்டே இருப்பா. வெள்ளிக்கெழம அவ அம்மா முன்னாடி நூறு வரைக்கும் எண்ணிட்டா பாரத்தக் கிழிச்சுப் போடுறேன்னு சொல்லியிருக்கு. இல்லைன்னா பவுனு போயிருவா. அவ பின்னாடி அந்தத் தெருப் பிள்ளைக அம்புட்டும் போயிரும்."

"பாவந்தான். ஜெபம் பண்ணிக்கிறேன்"னு சொல்லிச் சட்டைய மாட்டுனேன்.

"ஜெபம் நான் பண்ணிக்கிறேன். நீங்க புளியங்கொட்டை எண்ணுங்க. இருபது பை. பைக்கு நூறு."

"ரெண்டாயிரம் கொட்டையா? மண்டியில லோடு இறங்குது ஷீலா!"

"ஒரு நாளைக்கு எத்தன ஆயிரம் காய் எண்ணுறீக? தேனி ஜில்லாவுலயே உங்க கை மாதிரி எண்ணுற கை உண்டா?"

இல்லதான். அதை நானே மறுக்க முடியாது. பெருமையில நீண்ட கைய இழுத்துக்கிறதுக்குள்ள, புளியங்கொட்டைச் சாக்கு கைக்கு வந்துருச்சு.

வண்டியில போகும்போதுதான் பளிச்சுன்னு ஒரு யோசனை. மாட்டேன்னு சொன்னா சண்டை வரும். செஞ்சு குடுத்தா அடுத்த வேலை வரும். செஞ்சு கெடுத்தா? பைக்கு அஞ்சு கொட்டையக் குறைச்சுருவோம். விழாவுல இருபது பிள்ளைகளும் தொண்ணூத்தஞ்சுலயே முட்டிக்கிட்டு முழிக்கும். "இந்த மனுசன நம்பி இனி ஒரு வேலையும் குடுக்கக்கூடாது"ன்னு ஷீலா தலையில அடிச்சுக்குவா. எனக்கு ஆயுசுக்கும் விடுதலை. என் மூளைய நெனச்சு நானே ஹாரன் அடிச்சுக்கிட்டேன். பவுனுவ நெனச்சேனான்னு கேக்காதீக. நெனைக்கல.

சாயங்காலம் மண்டியில ஒக்காந்து எண்ணுனேன். தேங்காய் எண்ணுறதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. ஒண்ணுன்னு ஆரம்பிக்கக் கூடாது, லாபம்னு ஆரம்பிக்கணும். லாபம், ரெண்டு, மூணுன்னு கைக்கு அஞ்சஞ்சாப் போடுவோம். இருபது கை போட்டா நூறு. நான் பத்தொம்போதாவது கையிலயே "நூறு"ன்னு சத்தமாச் சொல்லிச் சொல்லி முடிச்சேன். ஒவ்வொரு பைக்கும் அப்படித்தான். வாய் ஒரு பக்கம் பாட்டுப் பாட, கை அது போக்குல ஓடுச்சு. இருபது பையையும் முடிச்சுப் போட்டுக் கட்டி, வீட்டுல பெருமையா எறக்கி வச்சேன்.

வெள்ளிக்கெழம மண்டியோட குட்டியானை வண்டியில பைகளையும் பொண்டாட்டியையும் கொண்டுபோய் எறக்குனேன்.

"நீங்க கெளம்புங்க, மண்டியில லோடு இறங்கும்"னா.

"லோடு கெடக்குது, பிள்ளைக முக்கியமில்லையா?"ன்னு நெஞ்சில கைய வச்சுச் சொல்லிட்டு, பின்னால ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தேன். என் வெற்றிய நான் பாக்க வேண்டாமா?

கிளாஸு கல்யாண வீடாட்டம் இருந்துச்சு. பிள்ளைக எல்லாம் நூறுன்னு எழுதுன காகிதக் கிரீடம் வச்சிருந்துச்சுக. கேட்டுலேர்ந்து வேப்பமரம் வரைக்கும் நூறு அடி நடந்தாச்சு. நூறு செவ்வந்தியக் கோத்துச் செவுத்துல தொங்க விட்டாச்சு. திராட்சைத் தோட்டத்துக்கு அரைநாள் லீவு சொல்லிட்டு அம்மாமாரு வரிசையா வந்து ஒக்காந்திருந்தாக. முன்னாடி அய்யம்மாள், மடிச்ச பாரத்தக் கையில கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு.

"மொதல்ல பவுனு வா"ன்னா ஷீலா.

பத்துக் கொட்டாங்கச்சி வரிசையா இருந்துச்சு. அது என் மண்டியிலேர்ந்து எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல. ஒரு கொட்டாங்கச்சிக்குப் பத்துக் கொட்டை. பவுனு தம்மாத்துண்டு பிள்ளை. பைய அவுத்து, முதல் கொட்டைய எடுத்தா. பின்னால ஒக்காந்திருந்த எனக்கு அய்யம்மாளோட ஒதடு மட்டும் பக்கவாட்டுல தெரிஞ்சுச்சு. மக கூடவே அதுவும் முணுமுணுன்னு எண்ணுது. மக தோக்கணும்னு வந்த மாதிரி இல்ல. ஜெயிச்சிரு தாயின்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அடப்பாவி ஸ்டான்லி! அந்தப் பிள்ளை தட்டுத்தடுமாறித் தொண்ணூத்தஞ்சு வரைக்கும் வந்து, பைக்குள்ள கைய விட்டா ஒண்ணுமே இருக்காதே!

எந்திரிச்சேன். "ஷீலா, அந்தப் பைய மாத்தணும்."

"உஷ்! பிள்ளை எண்ணுது."

"இல்ல, அதுல வந்து..."

"வந்து போயெல்லாம் அப்புறம். ஒக்காருங்க."

ஒக்காந்தேன். பவுனு இருபத்தொம்போதுல நின்னுட்டா. கையில இருந்த கொட்டைய மூணாவது கொட்டாங்கச்சியில போட்டா. நெறஞ்ச மூணையும் ஒரு பார்வை பாத்தா. "முப்பது!"

அய்யம்மாள் முந்தானையால மூக்கச் சிந்துச்சு. அறுபது, எழுபது, எண்பதுன்னு அவ ஓட ஓட எனக்குச் சட்டை நனையுது. தொண்ணூத்தஞ்சு வந்துச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். இயேசப்பா, இந்த ஒரு தடவ காப்பாத்து, அடுத்த வருஷமும் மரமா நிக்கிறேன்.

"தொண்ணூத்தாறு."

கண்ணத் தொறந்தேன். எங்கன இருந்து வந்துச்சு அந்தக் கொட்டை?

"தொண்ணூத்தேழு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்போது. தொண்ணூத்து..."

ஐயோ, தொண்ணூத்துப்பத்துன்னு சொல்லிராத தாயி! பவுனு கடைசிக் கொட்டையப் போட்டுப் பத்துக் கொட்டாங்கச்சியையும் பாத்தா.

"நூறு!"

கூரை பிய்யிற மாதிரி கைத்தட்டு. அய்யம்மாள் பாரத்த நாலாக் கிழிச்சு, எங்க போடுறதுன்னு தெரியாம என் கையில திணிச்சிட்டு மகளத் தூக்கிக்கிச்சு. நான் குப்பையக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். மறைக்க என்ன இருக்கு, நல்லாவே அழுதேன்.

ஷீலாவ ஓரமாக் கூப்பிட்டேன். "அந்தப் பையில நூறு எப்படி வந்துச்சு?"

"எல்லாப் பையிலயும் நூறுதான். இன்னைக்குக் காலையில பால் பொங்குறதுக்குள்ள நாலு பைய எண்ணிப் பாத்தேன். அப்பத்தான் உங்க களவாணித்தனம் தெரிஞ்சுச்சு."

"சரியா நூறு இருந்தா அது களவாணித்தனமா?"

"நீங்க ஒழுங்கா எண்ணியிருந்தா நூத்தஞ்சுல்ல இருந்திருக்கும்?"

அந்த எடத்துல நான் செத்தேன். எங்க மண்டியில நூறு காய் முடிஞ்சதும் லாபக்காய்னு அஞ்சு காய மேல போட்டுத்தான் குடுப்போம். பதினெட்டு வருஷப் பழக்கம். வாய் நூறுன்னு சொன்னா கை தன்னால அஞ்ச அள்ளிப் போட்டுரும். அஞ்ச நான் திருடுனேன், திருடுன அஞ்ச என் கையே திருப்பி வச்சிருச்சு.

"இருபது பைக்கும் அஞ்சஞ்சு மிச்சம் வரும், அந்த நூற வச்சுப் பல்லாங்குழி ஆட விடலாம்னு இருந்தேன். கெடுத்துட்டீக."

"தெரிஞ்சுக்கிட்டேவா என்னய அங்கன வேர்க்க விட்ட?"

"கோடாலி வெட்டு வாங்குறப்பக்கூட நீங்க இந்த ஆட்டம் ஆடல"ன்னு சிரிச்சா.

யாரோ சட்டையப் பிடிச்சு இழுத்தாக. பவுனு.

"மாமா, நூறுக்கு அப்புறம் என்ன?"

"நூத்தொண்ணு."

"அதுக்கப்புறம்?"

அந்தக் கண்ணப் பாத்ததும் என் முடிவெல்லாம் கரைஞ்சு போச்சு. அம்மாமாரு அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி போய் நின்னேன். மண்டிக் குரல எடுத்தேன். "தாய்மார்களே! இனிமே ஒவ்வொரு வெள்ளிக்கெழமயும் கடைசிப் பீரியடு நானே வந்து, கைக்கு அஞ்சஞ்சா ஆயிரம் வரைக்கும் எண்ணச் சொல்லிக் குடுக்கப் போறேன். இது என் பொண்டாட்டி சொல்லி இல்ல, நானா எடுத்த முடிவு!"

மறுபடியும் கைத்தட்டு. ஷீலா மேசை டிராயரத் தொறந்து, லேமினேட் பண்ண டைம்டேபிள் ஒண்ண எடுத்துச் செவுத்துல மாட்டுனா. வெள்ளி, கடைசிப் பீரியடு: 'கை எண்ணிக்கை, திரு. ஸ்டான்லி.'

கீழ போட்டிருந்த தேதி, பள்ளிக்கூடம் தொறந்த மொத நாளு.