டைனமோவுக்கு வந்த சோதனை

விருத்தாசலம் வண்டியைக் கிளப்பும் செல்ஃபை அழுத்தினார். லாரி ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. மறுபடியும் அழுத்தினார். அந்த முனகலும் இல்லை.

"போச்சுடா!" என்றார் வாய்விட்டு.

விழுப்புரம் மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றி, திண்டிவனம் எண்ணெய் மில்லில் இறக்குவது அவர் வேலை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு ஓடி, பிறகு மண்டி முதலாளி ஏலத்தில் எடுத்த லாரி அது. கிழம்தான். ஆனாலும் அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

மெக்கானிக் அப்பாதுரை வந்து டைனமோவைக் கழற்றிப் பார்த்தார்.

"பிரஷ் தேஞ்சிபோச்சி டிரைவரே. பேட்டரிக்கு எங்கேருந்து சார்ஜ் ஏறும்?"

புது பிரஷ் போட்டதும் வண்டி ஓடியது. விருத்தாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பக்திமான். மயிலம் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டுதலைப் பாக்கி வைக்கலாமா? சீட்டுக்கு எதிரே முருகன் படத்தை மாட்டி, மேலே ஒரு சிவப்பு பல்பு போட்டார். சாமி காரியமாயிற்றே என்று அப்பாதுரையே பயபக்தியோடு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

மறு வாரமே வண்டி படுத்துக்கொண்டது.

"இப்ப என்னய்யா?"

"கட்டவுட்டு கெட்டுப்போச்சி. டைனமோ குடுக்கிற கரண்ட பேட்டரிக்கு விடமாட்டேங்குது."

கட்டவுட்டை மாற்றினார்கள். ஆனால் விருத்தாசலத்தின் மனைவி கெங்கம்மாள் வேறு காரணம் சொன்னாள்.

"முருகனுக்கு மட்டும் வெளக்குப் போட்டீங்க. முனீஸ்வரனுக்குக் கோவம் வராதா?"

நியாயம்தானே! முனீஸ்வரன் படமும் பச்சை பல்பும் ஏறின.

அடுத்தாற்போல் டைனமோவையே மாற்றினார்கள். அங்காளம்மனுக்கு நீல பல்பு. அதற்கும் வண்டி மசியவில்லை. பேட்டரியைத் தூக்கிப்போட்டு வேறு வைத்தார்கள். வேளாங்கண்ணி மாதாவுக்கு மஞ்சள் பல்பு.

முன்பெல்லாம் இரண்டு பேர் தள்ளினாலே கிளம்பிய வண்டி, இப்போது மண்டியே திரண்டு தள்ளினாலும் அசையவில்லை. கடைசியில் ஒருநாள் ஜோடி மாடு கட்டி இழுத்துத்தான் கிளப்பினார்கள். மாட்டுவண்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

"டிரைவரே, லாரிக்கு லாடம் அடிச்சாச்சா?"

"புண்ணாக்கு வெச்சீங்களா?"

விருத்தாசலம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மானம் போயிற்று.

அன்று சாயங்காலம் முதலாளி அரங்கநாதன் கூப்பிட்டனுப்பினார்.

"ஓடுறப்ப சார்ஜ் ஏறுது, காலையில பாத்தா காலி. பெரிய பேஜாரா பூட்ச்சி. நாளைக்குக் காலையில லோடோட வண்டி தானா கிளம்பணும். இல்லேன்னா வண்டி காயலாங்கடைக்கு, நீ வூட்டுக்கு!"

மூட்டைகளை அன்றைக்கே ஏற்றியாயிற்று. காவலுக்கு மண்டி ஆள் மாசிலாமணியை வண்டிக்குள்ளேயே படுக்கச் சொன்னார் முதலாளி.

விருத்தாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"வேற வேலையா கெடைக்காது?" என்றாள் கெங்கம்மாள்.

"மாடு கட்டி லாரி ஓட்டுனவனுக்கு எவன்டி வேலை குடுப்பான்?"

அதற்குமேல் அவளும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் மண்டியே கூடிவிட்டது. முதலாளி கைகட்டி நின்றார். மாட்டுவண்டிக்காரர்கள் மாடுகளோடு தயாராக நின்றார்கள். விருத்தாசலம் தூக்குமேடை ஏறுகிறவர்போல் லாரியில் ஏறினார். சாமி படங்களை நிமிர்ந்து பார்க்கக்கூட அவருக்குத் தைரியமில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு செல்ஃபை அழுத்தினார்.

தொட்டதுதான் தாமதம், இஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது!

"பாத்தீங்களா, என் கைராசி!" என்று கத்தினார் அப்பாதுரை.

"நீ கெட. எல்லாம் அந்த அங்காளம்மத் தாயி செஞ்சது!" விருத்தாசலம் விசும்பி விசும்பி அழுதார். "ஆத்தா, உனக்கு இன்னும் ரெண்டு பல்பு போடறேன்!"

முதலாளியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது மாசிலாமணி, கக்கத்தில் சுருட்டிய பாயோடு, தலையைச் சொறிந்துகொண்டே கதவருகில் வந்தான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. சாமி பல்புங்க அணையாம எரிஞ்சிக்கினே இருந்திச்சா, கண்ணு கூசி தூக்கமே வர்ல. ராவே ஒயரப் புடுங்கி வுட்டுட்டேன். இப்ப மாட்டிடட்டுங்களா?"