ஓராண்டு வேகம்

மனித நாகரிகத்தில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக வைக்க வேண்டிய கண்டுபிடிப்பு, பிறர் எழுதியதை அப்படியே நகலெடுத்து ஒட்டும் வசதி. அதன் மகிமையை முழுதாக உணர்ந்தவர் துணுக்கரசர்.

இணையதளங்கள் செய்து தரும் கம்பெனியில் அவர் மூத்த பொறியாளர். மற்றவர்கள் பையை மேசையில் வைக்கும் முன்பே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் "இன்றைய துணுக்கு" என்று நாலு வரி கணினி நிரலை இறக்கிவிடுவார். எங்கிருந்து எடுத்தார் என்று கேட்பது அநாகரிகம். அது என்ன செய்யும் என்று கேட்பது அதைவிட அநாகரிகம். வரிசையாகக் கட்டைவிரல்கள் உயரும். அவரும் நாற்காலியில் சற்றே உயர்வார்.

அவருடைய தங்கை பல் மருத்துவர். பெரிய ஆஸ்பத்திரி வேலையை உதறிவிட்டு, மருந்துக்கடை ஒன்றின் மாடியில் சொந்தமாக கிளினிக் திறக்கத் துணிந்தாள்.

"வெளியாளுங்ககிட்ட போய் ஏமாறாத. தளம் நான் பண்ணித் தரேன்" என்றார் அண்ணன்.

அவள் வெளியாட்களிடம் போகவில்லை.

திறப்புக்கு முன்பே தளம் தயார். "விரைவில் திறக்கிறோம்" என்ற ஒரே வரி. அதன் முகவரியைத் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்து வீடு வீடாகப் போட்டார்கள். ஊரில் பல் உள்ளவர்கள் அனைவரும் எட்டிப் பார்த்தார்கள். இத்துடன் நிறுத்தியிருந்தால் துணுக்கரசர் நம்மைப் போல் சாதாரண மனிதர். அவர் சர்வர் அமைப்பில் அன்றைய துணுக்கையும் ஒட்டினார்: ஒருமுறை பார்த்த பக்கத்தை, பார்த்தவரின் போனிலேயே ஓராண்டு சேமித்து வைக்கும் கட்டளை. மறுமுறை போன் சர்வரை ஒரு வார்த்தை கேட்காது. கையில் இருப்பதையே காட்டிவிடும். இமைப்பதற்குள் பக்கம் வந்து நிற்கும்.

துணுக்கை எடுத்த இடத்தில், அதன் அடியிலேயே, "படங்களுக்கு மட்டும். முகப்புப் பக்கத்துக்குத் தயவுசெய்து போடாதீர்கள்" என்று எவரோ எழுதியிருந்தார். அது நிரல் அல்ல என்பதால் அவர் அதை நகலெடுக்கவில்லை.

கிளினிக் திறந்தது. தளத்தில் நேரம், போன் எண், சிரிக்கும் பல்வரிசை எல்லாம் ஏறின. ஆள்தான் ஏறவில்லை. சிகிச்சை நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேளை வரவில்லை. தங்கை அழைத்தாள்.

"அண்ணா, எல்லாருக்கும் இன்னும் 'விரைவில் திறக்கிறோம்'னே வருதாம்."

"எனக்குச் சரியாத்தான் வருது."

"உனக்குத்தான் பல்லு வலிக்கலையே. வலிக்கிறவங்களுக்கு வரணும்."

நேரில் வந்தார். வரவேற்பு மேசைப் பெண்ணின் போனை வாங்கித் தளத்தைத் திறந்தார். "விரைவில் திறக்கிறோம்" மின்னலாய் வந்தது.

"என்ன வேகம் பாத்தியா" என்றார், தன்னை மீறி.

"எப்பச் சரியாகும்?"

"தானாவே சரியாயிடும். ஒரு வருஷம்."

"அதுக்குள்ள அந்தப் பல்லே விழுந்துடும். நானும் பழைய ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிப்பேன்."

"அவசரம்னா போன் செட்டிங்ஸ்ல போய், சேமிச்சதை அழிச்சாப் போதும். சின்ன வேலை."

"கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு வர்றவங்களை செட்டிங்ஸுக்குப் போன்னு சொல்லவா?"

"அதுக்குத்தான் படம் போட்டு விளக்கமா எழுதி வெச்சிருக்கேனே."

"எங்க?"

"தளத்துலதான்."

வரவேற்பு மேசைப் பெண் மின்விசிறியை அக்கறையோடு பார்த்தாள்.

அப்போது படியேறி ஒருவர் வந்தார். ஒரு கன்னம் மட்டும் செழிப்பாக இருந்தது. துணுக்கரசரின் முகம் மலர்ந்தது.

"தளத்தைப் பாத்துட்டுதானே வர்றீங்க?"

"எந்தத் தளம்? கீழ மாத்திரை வாங்க வந்தேன். போர்டு தெரிஞ்சுது, ஏறிட்டேன்."

"பாத்ததே இல்லையா? போனைக் குடுங்க, நானே காட்டறேன்" என்று கையை நீட்டினார்.

தங்கை நடுவில் வந்து நின்றாள்.

"வேணாம்ணா. உன் தளத்தைப் பாக்காம தப்பிச்சவரு இவர் ஒருத்தர்தான். இவரையாவது விட்டுடு."