குறையே இல்லாத ஒரு காதல் கதை

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தை மெயில்ல அனுப்பணும்.

சித்தி பொண்ணு திவ்யா சென்னையில ஒரு டைரக்டர்கிட்ட அசிஸ்டென்ட். "அக்கா, அவர் ஒரு தடவைதான் படிப்பாரு. பிடிச்சா கூப்பிடுவாரு. பிடிக்கலன்னா அந்தக் கதையை மறந்துடு"ன்னு சொல்லியிருந்தா.

மூணு வருஷமா எழுதின கதை. மத்திகிரி வீட்டுல சோறு வடிச்சுக்கிட்டே யோசிச்சு, டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல டைப் அடிச்சது. இதை விட்டா எனக்கு வேற கதை கிடையாது.

கல்லாவி ஊர்ப் பையன், ஓசூர்ல ஃபேக்டரி வேலை. ஆனேக்கல் பொண்ணு. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்க ஓசூர் பஸ் ஸ்டாண்டுல அவ காத்திருக்கா. அவன் வர லேட்டாகுது. அவ அழுதுக்கிட்டே பஸ் ஏறிடறா. அப்புறம் பத்து வருஷம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடறாங்க. எழுதும்போது நானே மூணு தடவை அழுதிருக்கேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் படிச்சா நல்லாருக்குமேன்னு தோணுச்சு. அங்கதான் பிடிச்சுது ஏழரை!

நான் இருக்கறது ஒரு பார்ட்ஸ் கம்பெனியில, குவாலிட்டி டிபார்ட்மென்ட். ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனா, "ஏன்? ஏன்?"னு அஞ்சு தடவை கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிச்சு, அது மறுபடி நடக்காம பண்றதுதான் எங்க பொழப்பு. அப்படிப்பட்ட இடத்துல, டீ டைம்ல, எங்க மேனேஜர் மஞ்சுநாத் சார்கிட்ட கதையைக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

படிச்சார். பேனா மூடியைக் கழட்டி, கன்னடத்துல 'ஏன்'னு ஆரம்பிச்சார்.

"யாக்கே? பையன் ஏன் லேட்டா வந்தான்?"

"டவுன் பஸ் வழியில நின்னுடுச்சு சார்."

"ஏன் அந்த ஒரு பஸ்ஸையே நம்பினான்? ஆட்டோ இல்லையா?"

"ஷிஃப்ட் முடிஞ்சு அவசரமா ஓடி வர்றான் சார்."

"ஏன் லீவு சொல்லல?"

மூணு வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்ல!

பேக்கிங் செக்‌ஷன் சித்ராக்கா டீ கிளாஸோட வந்து உக்காந்து பேப்பரை எட்டிப் பார்த்தாங்க. "என்னா பாப்பா, எங்க கல்லாவிக்காரன் அவ்ளோ வெவரம் கெட்டவனா? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"போன்ல சார்ஜ் இல்லக்கா."

"ஓடிப்போற அன்னைக்கு என்னாத்துக்கு சார்ஜ் போடாம கெளம்பறான்?"

"விதிக்கா!"

மஞ்சுநாத் சார் என்னைப் பரிதாபமா பார்த்தார். "ரிப்போர்ட்ல விதின்னு எழுத முடியுமாம்மா? ஆபரேட்டர் மிஸ்டேக்குன்னு எழுதினாலே கஸ்டமர் திருப்பி அனுப்பறாங்க."

நியாயமாத்தான் பட்டுது.

"சரி, ஏன் ஓடிப்போகணும்?"

"பொண்ணோட அப்பா ஒத்துக்க மாட்டார் சார்."

"கேட்டாங்களா?"

"கேக்கல."

"கேக்காமயே முடிவு பண்ணிட்டாங்களா? போயி ஒரு வார்த்தை பேசச் சொல்லு"ன்னாங்க சித்ராக்கா. "எங்கண்ணன் நேரா போயிப் பேசினாரு. அடுத்த மாசமே முகூர்த்தம்."

ஒவ்வொண்ணா திருத்தினேன். பையன் லீவு போட்டான். போனுக்கு சார்ஜ் போட்டான். ஆனேக்கல் போய் அப்பாகிட்ட பேசினான். அவரும் சரின்னு முகூர்த்தம் குறிச்சுட்டார். யாரும் எங்கேயும் ஓடல.

உனக்குப் புத்தி எங்க போச்சுன்னு நீங்க கேக்கலாம். குவாலிட்டிக்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு குறைகூட பாக்கியில்லாத பேப்பரைப் பார்த்தா மனசு நிறைஞ்சிடும். அன்னைக்கும் நிறைஞ்சுது. நாலு அம்பத்தஞ்சுக்கு அனுப்பிட்டேன். சார் கை குலுக்கினார்.

வீட்டுக்குப் போற பஸ்லதான் உறைச்சுது. அந்தப் பத்து வருஷம் எங்க? மழையில அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே அவன் நடக்கற சீன் எங்க? என் கையாலயே அழிச்சிட்டேனே! கம்பியைப் பிடிச்சு நின்னபடியே கண்ணு கலங்கிடுச்சு.

அப்பதான் திவ்யா போன் பண்ணா.

"அக்கா, டைரக்டர் படிச்சுட்டார்."

"என்னடி சொன்னார்?"

"மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, பெரியவங்க சம்மதம், முகூர்த்தம், எல்லாம் சரியா இருக்குதாம்."

"அப்புறம்?"

"மண்டபம் எதுன்னு போட மறந்துட்டீங்களாம்."