ஆணி இல்லாத ஊரில் ஒரு டோக்கன்

தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைனில் சூரியன்கூட என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் மறைய வேண்டும். எல்லோருக்கும் அவர் 'டோக்கன்'தான். நிஜப் பேரைச் சொல்லித் தபால்காரர் வந்தால், "அப்டி யாரும் இங்க இல்லீங்களே" என்று அவரே திருப்பி அனுப்பிவிடுவார்.

சுரங்கத்தில் ஒரு முறை உண்டு. இறங்குகிற ஆள் தன் டோக்கன் வில்லையை மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் அது தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடினதும் எல்லோரும் அந்த வழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இவர் மட்டும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசல் நிலையில் ஆணி. ஆளுக்கொரு வில்லை, பால்பவுடர் டின்னில் வெட்டினது. உப்பு வாங்கப் போனாலும் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

மருமகள் வந்த புதிதில் பக்கத்திலிருக்கும் ஊரிகம் போய்த் திரும்பி, வில்லையை எடுக்க மறந்துவிட்டாள். இவர் ஊரிகம் ஸ்டேஷன்வரை தேடிப்போய், வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார். அவள்தான் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்துக்கொண்டே, "மருமகப் பொண்ணு இன்னும் வர்லியேம்மா" என்கிறார்.

"நான்தான் மாமா!"

"அப்ப ஆணில தொங்கறது இன்னா?"

இப்படிப்பட்ட மனுஷரை, என்னோடும் மருமகளோடும் சேர்த்து, எகிப்துக்குக் கூட்டிப் போகிறேன் என்று பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன் வந்து நின்றான்.

"லீவு கம்மிப்பா. பெரிய தேசம், பழைய தேசம், எல்லாம் பாக்க முடியாது. ரெண்டு எடம் மட்டும் சொல்லுங்க, இன்னைக்கே டிக்கெட் போடணும்" என்று போனில் படம் காட்டினான்.

இவரோ ரிடையர் ஆனபின் கிணற்றைக்கூட எட்டிப் பார்க்காதவர்.

"கெய்ரோவுல பிரமிடுப்பா."

"உள்ள போக வழி எத்தினி?"

"ஒண்ணுதான்."

"வேணாம்."

"அலெக்சாண்டிரியா, கடலோரம். பூமிக்கு அடியில பழைய கல்லறைங்க கூட…"

"அடியிலயா? வேணாம்."

"லக்ஸர். மலையக் கொடைஞ்சு ராஜாங்களப் பொதைச்சிருக்காங்க."

"இன்னாடா தேசம் இது! செத்தவனுக்கெல்லாம் சொரங்கம் மாதிரி லெவல் லெவலா தளம் போட்டு எறக்கி வெச்சிருக்கானுங்க?"

கடைசியில் அஸ்வானில் படகு சவாரி என்றதும்தான் மூச்சு வந்தது. "அது போதும். மேலயே இருக்கலாம்."

"எனக்கு லக்ஸர்தான்" என்றேன் நான்.

சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற ஷாப்ட் பக்கத்திலேயே குடித்தனம் செய்தவள் நான். பொம்பளைகள் கீழே இறங்கக் கூடாது என்று சட்டம். என் புருஷனைத் தினம் தினம் விழுங்கித் துப்பின பூமிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்காமலே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

"நீ எறங்கிட்டா நான் இன்னாடி பண்றது?"

"இத்தினி வருசமா நான் மேல இன்னா பண்ணேனோ, அதையே பண்ணுங்க."

படகு அவருக்கு, குகை எனக்கு என்று முடிவாயிற்று. கிளம்புகிறவரைக்கும் சோறு சரியாக இறங்கவில்லை மனுஷருக்கு.

லக்ஸரில் கல்லறை வாசலுக்குப் போனால், சட்டைப் பையிலிருந்து எங்கள் வீட்டு வில்லைகளை எடுக்கிறார்! என்னுடையது, மருமகளுடையது. மாட்டத்தான் ஆணி இல்லை. அதனால் வில்லைகளைக் கைக்குள் பிடித்துக்கொண்டு அவரே ஆணியாக நின்றார்.

மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். சுவரெல்லாம் நேற்றுப் பூசினதுபோல் வண்ணம். கூரையில் நட்சத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். 'பார்த்தாயா, நானும் இறங்கிவிட்டேன்' என்று ராஜாவிடமே சொல்லிவிட்டு, நிதானமாகத்தான் ஏறினேன்.

மேலே ஒரே கலவரம். காவல்காரர் போட்ட நாற்காலியில் இவர் உட்காரவில்லை. வெளியே வருகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருவரிடமும், "எங்க வூட்டம்மா எந்த லெவல்ல கீறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். மகனோ ஓரமாகப் போய் வேறு யார் பிள்ளை மாதிரியோ நின்றிருந்தான்.

மருமகள் முதல் வேலையாகத் தன் வில்லையை வாங்கிக்கொண்டாள். பட்ட பாடு அப்படி.

நான் கையை நீட்டினேன். "இவ்ளோ நேரம் இன்னாடி?" என்று கத்திக்கொண்டே விரல்களைப் பிரித்தார். இறுக்கிப் பிடித்ததில் தகரம் உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது.

ஊர் திரும்பினபின் கடைக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலே என் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போகிறேன். வழியில் யார் நிறுத்திப் பேசினாலும் நிற்பதில்லை.