பதில் உபசாரம்

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர்களை உங்களுக்குத் தெரியும். வந்த கேள்வியை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர்களைத் தெரியுமா? அவர்கள்தான் உபசாரப் பதிலாளர்கள். இந்தப் பெயரைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் தேட வேண்டாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த எதைத்தான் நாம் பிறகு தெருவில் பார்த்திருக்கிறோம்?

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கேள்வியைக் கேட்டதும் மற்றவர்கள் யோசிப்பார்கள், இவர்கள் பார்ப்பார்கள். கேட்டவரின் புருவம் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, உதடு எதற்காகப் பாதி திறந்திருக்கிறது, பேனா எந்தக் கட்டத்தின்மேல் முன்கூட்டியே போய்க் காத்து நிற்கிறது என்று ஒரே ஒரு பார்வை. பிறகு, கேட்டவர் தன் வீட்டிலேயே செய்திருந்தாலும் இத்தனை ருசியாக வந்திருக்காது என்கிற மாதிரி ஒரு பதில் ஆவி பறக்க வந்து நிற்கும். “பஸ் இந்த வழியாத்தானே போகும்?” என்று நம்பிக்கையோடு கேட்டுப் பாருங்கள். போகும். “இந்த வழியா போகாதுதானே?” என்று சந்தேகத்தோடு கேளுங்கள். போகாது. பஸ் பாவம், அதற்கு இவர்களைத் தெரியாது. அது தன் பாட்டுக்குப் போகும்.

இதைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு அதனால் ஏதாவது கிடைக்க வேண்டும். இவர்களுக்கு என்ன கிடைக்கிறது? கேட்டவர் முகம் மலர்கிறது, அதைப் பார்த்து இவர்கள் முகமும் மலர்கிறது. அவ்வளவுதான் கூலி.

இந்த இனத்தின் முதல் தரப் பிறவி றக்வான டவுனுக்கு மேலே, பாதை முடிந்து பஸ் திரும்புகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தாள். பெயர் விஜயகலா. கொழுந்து பறிப்பாள், சிங்களம் சரளமாகப் பேசுவாள், லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் கால் உடையாத பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு வைத்திருந்தாள். ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்கள் மழை விட்டதும் வருவார்கள். தண்ணீர் ஆராய்ச்சி, வெற்றிலை ஆராய்ச்சி, மனக்கஷ்ட ஆராய்ச்சி, பிள்ளைகளின் எடை ஆராய்ச்சி என்று ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு வந்து, நிரை நிரையாக நின்று, லயத்து ஆட்களிடம் பதில் பறித்துக்கொண்டு போவார்கள். அதை எங்கே கொண்டுபோகிறார்கள், எந்த ஃபெக்டரியில் அரைக்கிறார்கள், அந்தத் தூள் கடைசியில் யார் வீட்டில் கொதிக்கிறது என்று தோட்டத்துக்குத் தெரியாது. கொழுந்துக்கும் அதே நிலைமைதானே?

தோட்டம் முன்னேறிவிட்டது என்று எழுத வந்தவரிடம், பைப்பில் தண்ணீர் நிற்பதே இல்லை என்றாள் விஜயகலா. தோட்டம் பின்தங்கிவிட்டது என்று எழுத வந்தவரிடம், பைப்பில் தண்ணீர் வருவதே இல்லை என்றாள். இருவரும் நன்றி சொல்லிவிட்டு அதே பைப்பில்தான் கை கழுவினார்கள். மனக்கஷ்டத்தை அளக்க வந்த பையன் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னபோது, உங்களுக்கு எது தோதாக இருக்கும் தம்பி என்று விசாரித்தாள். வெற்றிலை ஆராய்ச்சிக்காரரிடம் வெற்றிலையைத் தொட்டதே இல்லை என்று சொன்னாள். சிவப்பு வெளியே தெரியாதபடி உதட்டைப் பாதி மூடிக்கொண்டு சொன்னாள். மரியாதை தெரிந்தவள்.

அவள் புருஷன் நல்லையா இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னான்: “மழ மேல இருந்து கீழ பேயுதா, கீழ இருந்து மேல பேயுதான்னு ஒன்கிட்ட கேட்டா, வானத்தப் பாக்க மாட்ட. கேக்குறவன் மொகத்தத்தான் பாப்ப.”

விஜயகலாவுக்கு அது வசையாகவே படவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் யாராவது ஆராய்ச்சிக்காரரிடம் தெரியாது என்று சொல்லிவிட்டால் இடுப்பில் இடிப்பாள். “அந்தப் புள்ள வளைவுக்கு வளைவு பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கு. தெரியாதுன்னு சொல்லி அனுப்புறதா? மனுசியா நீங்க?”

வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவர்களில் விஜயகலாவின் மனத்தை அள்ளியவள் இன்ஷிரா. கேகாலைப் பக்கத்துப் பெண். மருந்தியல் படிக்கிறாள். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்த பெண்களுக்கென்று ஒரு புது மாத்திரையைக் கொண்டுவந்திருந்தாள். இங்கே சரியாக வேலை செய்தால் அது எல்லாத் தோட்டங்களுக்கும் போகும், அவளுக்கும் பட்டம் கிடைக்கும். முதல் நாள் ஒரு தாளைப் பிரித்து நல்ல தமிழில் வாசித்தாள்: விருப்பமில்லாவிட்டால் சேர வேண்டாம், சேர்ந்த பிறகும் எந்த நேரமும் விலகலாம், விலகினால் ஒரு குறையும் வராது.

விஜயகலா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கல்யாண வீட்டைக் கடந்து போகிறவர்களை, வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க என்று கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி ஒரு வார்த்தை என்று எடுத்துக்கொண்டாள். கூப்பிட்டார்கள் என்பதற்காக உள்ளே போய் இலை போட்டு உட்கார்ந்துவிடுவோமா? விலகலாம் என்று சொன்னார்கள் என்பதற்காக விலகிவிடுவதா? லயமே சேர்ந்தது. விஜயகலா சேர்த்துவிட்டாள்.

மாத்திரை முதல் வாரமே வயிற்றைப் பிசைந்தது. மலையில் நின்றால் தேயிலைச் செடிகள் ராட்டினம் ஆடின. விஜயகலா என்ன செய்தாள்? முழுங்குவதை நிறுத்தினாள். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஜன்னலுக்கு வெளியே ரோசாச் செடிக்கு ஊற்றினாள். ரோசாச் செடிக்குத் தலை சுற்றியதாக இதுவரை தகவல் இல்லை.

இதை இன்ஷிராவிடம் சொன்னாளா? அதெப்படிச் சொல்வாள்? கிழமைக்கு ஒருமுறை வெளிறிப்போய் பஸ்ஸிலிருந்து இறங்கி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, மாத்திரையால் ஏதாவது கஷ்டம் உண்டா என்று அந்தப் பெண் கேட்கும்போது, இல்லை என்று சொல்லிவிடேன் அக்கா என்று முகம் கெஞ்சும். விஜயகலா இல்லை என்றாள். தாராளமாக இல்லை என்றாள். உடம்பு தெம்பாக இருக்கிறது, மலை ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை, கண்கூட நன்றாகத் தெரிகிறது என்று கேட்காததையும் சேர்த்துப் பரிமாறினாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் விஜயகலாவைப் பார்த்து இன்ஷிராவிடம் அதையே சொன்னார்கள். ஒருத்திக்கும் ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

பக்கத்துக் காம்பராவில் லோஜினி இருந்தாள். கஹவத்தைப் பக்கமிருந்து கல்யாணம் முடித்து வந்தவள், சின்னப் பெண், சொன்னதைச் செய்கிறவள். அவள் ஒரு மாத்திரையைக்கூட விடாமல் முழுங்கினாள். முழுங்கிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு சரிவான மலைக்குப் போனாள். ஒருநாள் கொழுந்து எடுத்துக்கொண்டே நின்றவள் நிரையில் காணாமல் போனாள். தேடிப் பார்த்தால் கானுக்குள், மழைத் தண்ணீர் ஓட வெட்டிய பள்ளத்துக்குள், கூடையோடு கிடந்தாள். நாலு முழம் தள்ளி விழுந்திருந்தால் கீழே பாறை.

அன்று பின்னேரம் விஜயகலா அவள் முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டே, மாத்திரையை விட்டுவிடு என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். லோஜினி தலையை ஆட்டினாள்.

“நீங்க தாங்குறீங்களேக்கா. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. எனக்கு மட்டும் என்ன கேடு? பழகிரும்.”

விஜயகலாவின் கை முழங்கையிலேயே நின்றுவிட்டது. சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் இன்ஷிராவின் படிப்பு என்னாகும், லயத்தில் தன் பெயர் என்னாகும்? மஞ்சளை இன்னும் கொஞ்சம் அப்பிவிட்டுப் போய்விட்டாள்.

லோஜினி மறுநாளும் முழுங்கினாள்.

இதற்கிடையில் கொழும்பில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் ஆராய்ச்சி செய்கிற இடத்திலேயே ஒரு குழு இருக்கும். தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும். தாள்கள் எப்போதுமே ஒழுங்காகத்தான் இருக்கும், அதற்குத்தானே தாள். இப்போது நாடு முழுவதற்கும் ஒரு மேற்பார்வைச் சபை போட்டு, மருந்தைக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, மருந்தைச் சாப்பிட்டவர்களிடமே போய்க் கேட்கலாம் என்று அதற்கு ஓர் அதிகாரமும் கொடுத்திருந்தார்கள். சபையின் பெயர்ப்பலகையில் பெயின்ட் காய்வதற்குள் அது இந்தத் தோட்டத்தின்மீது கண் வைத்தது. ஏன் தெரியுமா? இங்கே ஒரு குறையும் இல்லை. வெறும் கோதுமை மாவை உருட்டிக் கொடுத்தாலும் லயத்துக்கு ஒருத்தியாவது தலைவலி என்று சொல்வாள். இங்கே ஒருவருக்கும் ஒன்றுமே இல்லை. சோற்றில் கல்லே இல்லாவிட்டால் யாரோ பொறுக்கியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

சபையிலிருந்து வந்தவள் பெயர் ஸும்றா. பஸ்ஸில்தான் வந்தாள், ஆனால் வாந்தி எடுக்கவில்லை. அதுவே விஜயகலாவுக்குச் சரியாகப் படவில்லை. தோட்டத்து மேலாளர் துரை ஆபிஸில் மேசை விரிப்புப் போட்டுக் கேக் வெட்டி வைத்திருந்தார். அதைத் தாண்டி நேராக லயத்துக்கு வந்தாள். ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கேட்பேன் என்று மற்றப் பெண்களைப் பைப்படிக்கு அனுப்பினாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். பிஸ்கட் வேண்டாம் என்றாள். கேள்வி கேட்க வந்த இடத்தில் எதையும் வாங்கக்கூடாது என்பது அவர்கள் சட்டமாம். விஜயகலாவின் வாழ்க்கையில் இப்படி ஒரு விருந்தாளி வந்ததில்லை.

மாத்திரையால் ஏதாவது கஷ்டம் இருந்ததா என்று ஸும்றா கேட்டாள்.

விஜயகலா பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. பரீட்சையில் பக்கத்து மேசைக்காரனின் தாளை எட்டிப் பார்த்தால், அவனும் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். முகம் அசையவில்லை. ஓகோ, இவளுக்குக் கஷ்டம்தான் வேண்டும்போல என்று, கஷ்டம் என்று பார்த்தால் கஷ்டம்தான் மிஸ் என்று திருப்பிப் போட்டாள். அதற்கும் அசையவில்லை. கஷ்டமும் இல்லை, சுகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்று மூன்றாவது பலகாரத்தையும் நீட்டினாள்.

“எனக்கு இந்தப் பதில்தான் வேணும்னு ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் ஸும்றா. “சொல்ல விருப்பமில்லன்னா அதையும் எழுதிட்டுப் போவேன்.”

விஜயகலாவுக்குப் பார்க்க முகம் இல்லாமல் போனது. வேறு வழியில்லாமல் கதவுக்கு வெளியே பார்த்தாள். பைப்படியில் லோஜினி வாளியைத் தூக்க எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மலை சுற்றி முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றாள்.

“அடுத்தது அந்தப் புள்ளையா மிஸ்?”

“ஆமா.”

“அவ ஒண்ணுமில்லேன்னுதான் சொல்லுவா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொன்னேன்ல. அதான் அவளும் சொல்லுவா.” விஜயகலா முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள். “நான் அத முழுங்குறதில்ல மிஸ். மொத வாரமே விட்டுட்டேன். நிக்க முடியல, அப்புடிச் சுத்துச்சு.”

சொன்ன பிறகு பழக்கதோஷத்தில் ஸும்றாவின் முகத்தைப் பார்த்தாள். அது மலரவில்லை, சுருங்கவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்தது.

விஜயகலா எழுந்து பைப்படிக்குப் போனாள். அதையே லோஜினியிடமும் சொன்னாள். லோஜினி பைப்பை மூடினாள்.

“ஏன்க்கா முன்னாடியே சொல்லல?”

தண்ணீருக்கும் வெற்றிலைக்கும் மனக்கஷ்டத்துக்கும் வந்தவரையெல்லாம் வயிறு நிறைய அனுப்பியவளிடம் இந்தக் கேள்விக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. லோஜினி பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

லோஜினியின் மாத்திரை நின்றது. தலைசுற்றல் நின்றது. அக்காவோடு அவள் பேச்சும் நின்றது.

சபை ஆராய்ச்சியை ஒரேயடியாக மூடவில்லை. மாத்திரையின் அளவைக் குறை, எல்லோரையும் தனித்தனியாக மறுபடி கேள், வேண்டாம் என்றவர்களை விடு என்று எழுதி அனுப்பியது. இன்ஷிரா அதே பஸ்ஸில், அதே வளைவுகளில், அதே மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த முறை முகம் தெரியாதபடி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். விஜயகலா அவளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, “எனக்கு வேணாம் மிஸ்” என்றாள். சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்தது. லோஜினியும் வேண்டாம் என்றாள். அவள் அழவில்லை.

தீபாவளி நெருங்கியபோது லோஜினி புதுச் சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு விஜயகலாவின் வாசலில் வந்து நின்றாள். நல்லா இருக்கா என்று கேட்டாள். விஜயகலாவின் கண் தன்னாலே அவள் முகத்துக்குத்தான் போனது. போன கண்ணைப் பிடித்து இழுத்துச் சீலைக்குக் கொண்டுவந்தாள்.

“இந்தக் கலரு ஒனக்கு எடுப்பா இல்ல புள்ள.”

லோஜினியின் முகம் விழுந்தது. அப்புறம் சிரித்துவிட்டாள். உள்ளே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அப்படியானால் எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று சண்டை பிடிக்கத் தொடங்கினாள்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருவோம். மருந்தையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபோது என்ன சொன்னீர்கள்? பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய பாயசம் எப்படி என்று கேட்டபோது? உங்களைப் பார்த்து யாராவது எதையாவது முழுங்கிக்கொண்டிருக்கிறார்களா, எட்டிப் பார்த்தீர்களா? நான் அந்த இனமில்லை என்று இப்போது பலமாகத் தலையாட்டுகிறீர்கள். சரி, நல்லது.

யாருடைய முகத்தைப் பார்த்து ஆட்டினீர்கள்?