ஈய அங்கிளும் என் அம்மாவின் சொம்பும்

டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு தடவைகூடத் துப்பாக்கி சுடாமல், வாளி வாளியாகத் தோட்டா வார்த்த ஒரே மனிதர் எங்கள் ஈய அங்கிளாகத்தான் இருக்கும். சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தினால்கூடக் காதைப் பொத்திக்கொள்வார். வார்த்ததையெல்லாம் எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவிடம் கொடுத்துவிடுவார். சுடுவது அவர் பாடு.

2003-ல் நான் கல்யாணமாகி ஹூஸ்டனுக்கு வந்தபோது, எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்தெருவில் அவர் வீடு. கோயமுத்தூர்க்காரர், ரிடையரான இன்ஜினீயர், மனைவி தவறிவிட்டார், மகள் வேறு மாநிலத்தில், மில்பிடாஸில். டயர் கடை டயர் கடையாக ஏறி இறங்கி, சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் மாட்டும் பழைய ஈயக் கட்டிகளைக் கெஞ்சி வாங்கி வருவார். கராஜ் கதவைத் திறந்துவைத்து இரும்புச் சட்டியில் உருக்குவார்.

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஆடை படியும். ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறினால் குப்பென்று புகை கிளம்பும். அழுக்கு மேலே ஒதுங்கும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்தால் சட்டிக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்க்கத்தான் மனிதர் இத்தனை பாடுபட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த மெழுகுக்காக, எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் கூப்பிடாமலே வந்துவிடுவார். எல்லோரும் கேக்குக்குக் கை நீட்டும்போது அவர் மெழுகுவத்திகளைப் பிடுங்கிக் கவருக்குள் போட்டுக்கொள்வார். இரண்டு வயதுப் பையனுக்கு ஒரே மெழுகுவத்தி வைத்த என் சிநேகிதியிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு தடவை புகையைப் பார்த்து யாரோ போன் செய்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இறங்கிய நான்கு பேரும் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். அரைமணி நேரம் தோட்டா பற்றியே பேசிவிட்டு, ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு வேலை போய், வேறு கம்பெனி கிடைத்து, விசா பேப்பர்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த சமயம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மாவைப் பார்த்து இரண்டு வருடமாகியிருந்தது. கையில் இருந்தது அம்மா கொடுத்த ஈயச் சொம்பு ஒன்றுதான். அதில் ரசம் வைத்தால் கும்பகோணம் வீடே வந்து இறங்கிவிடும்.

ஒருநாள் அதை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றப் போகும்போது அம்மாவின் போன். என்ன சமையல் என்று கேட்டார். ரசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே திரும்பினால் சொம்பைக் காணவில்லை. கரண்ட் அடுப்பின் கம்பிச் சுருளுக்கடியில் உள்ள தட்டில் உருகிக் கறுப்பும் வெள்ளையுமாகத் தேங்கிக் கிடந்தது.

தட்டோடு தூக்கிக்கொண்டு அழுதபடி அங்கிளின் கராஜுக்கு ஓடினேன். ரசச் சொம்பு வெள்ளீயம். அவர் தோட்டாவுக்கு அது கொஞ்சம் கலந்தால் அச்சில் அப்படியே படியுமாம். வருடக்கணக்காக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பார்த்ததும் அவர் கண் விரிந்தது எனக்குத் தெரிந்தது.

"இது ஆரு குடுத்தது அம்மிணி?"

"அம்மா, அங்கிள்."

கார் எடுத்துப் போய்ப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புது மெழுகுவத்தி வாங்கி வந்தார். தோட்டாவுக்கு உருக்கும் காரீயம் விஷம், சாப்பாட்டுச் சாமானில் ஒரு துளி படக்கூடாதாம். உருக்கி, மெழுகைப் போட்டுக் கிளறினார். கருகிப்போனதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"கருகுனதெல்லாம் குப்பை இல்ல. அதுலயும் உங்கம்மா ஈயம் இருக்குது. மெழுகு போட்டா திரும்பி வந்துரும், நீ அழுவாத."

வந்தது. முழுவதையும் கட்டியாக வார்த்து, ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்ச் சொம்பாக்கிக்கொள் என்று என் கையில் கொடுத்தார். பொட்டளவுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போவதற்கு இன்னும் இரண்டு வருடம் ஆனது. சென்னை கஸ்டம்ஸில் வெள்ளிக்கட்டி என்று பிடித்து உட்காரவைத்து, வெள்ளீயம்தான் என்று தெரிந்த பிறகே விட்டார்கள். கும்பகோணத்தில் அம்மா பாத்திரக்காரர் பக்கத்திலேயே நின்று அதைச் சொம்பாகத் தட்டி வாங்கினார்.

சொம்போடு ஹூஸ்டன் திரும்பினால் அங்கிள் வீட்டில் வேறு யாரோ. உடம்புக்கு முடியாமல் மகளோடு போய்விட்டாராம். எதிர்வீட்டுத் தாத்தாவிடம் நம்பர் வாங்கிப் போன் செய்தேன். சொம்பு தயார் என்று சொல்லி, எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சொம்ப போன் கிட்ட வெச்சுத் தட்டு அம்மிணி."

தட்டினேன். வெள்ளீயம் வெண்கலம் போல ஒலிக்காது, மந்தமாகத்தான் கேட்கும்.

"இன்னொருக்கா தட்டு."

தட்டினேன். நல்லா வந்திருக்குது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான்கு மாதம் கழித்து அவர் தவறிவிட்டதாக மகள் போனில் சொன்னாள். அவர் மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.