பெட்ரோல் மோந்த சித்தர்

உலக எண்ணெய் வரலாற்றில் புதுக்கோட்டை மாவட்டம் இடம்பிடித்துவிட்டது என்ற செய்தியை மிகுந்த பணிவுடன் அறிவிக்கிறோம். அரபு நாட்டாருக்கு எண்ணெயைத் தோண்டத்தான் தெரியும். அதை மோந்து பார்த்து ராசி சொல்லும் ஆற்றல், அன்னவாசலுக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையில் மட்டுமே இறங்கியிருக்கிறது.

பெயர் மோப்பச் சித்தர். கண்ணை மஞ்சள் துணியால் கட்டிக்கொண்டு, வண்டியின் டேங்க் வாயில் மூக்கை வைப்பார். உள்ளே கிடக்கும் பெட்ரோல் வண்டியின் நட்சத்திரத்துக்கு ஒத்துவருமா என்று சொல்வார். ஒத்துவந்ததாக இதுவரை தகவல் இல்லை. பரிகாரமும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்: வடக்குப் பார்த்த பங்க்கில் போட வேண்டும். அந்தச் சாலையில் வடக்குப் பார்த்த பங்க் ஒன்றே ஒன்று. அதை நடத்துபவர் சித்தரின் மச்சானாக அமைந்தது தெய்வச் செயல். சாலை நெடுக வண்டிகள் வரிசை கட்டின.

கடலோர ஜெகதாப்பட்டினத்து மலையாண்டியும் மீன் ஏற்றும் தன் பிக்கப்புடன் வரிசையில் நின்றார். நல்ல பெட்ரோலாக, கட்டுப்படியாகிற பெட்ரோலாக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக, மீன் இறக்க வேண்டிய புதுக்கோட்டை மார்க்கெட்டைத் தாண்டி அன்னவாசல் வரை போய், பெட்ரோல் போட்டு, மறுபடி மார்க்கெட்டுக்குத் திரும்பினார். மிச்சம் பிடிக்கப் போன பெட்ரோல் போகிற வழியிலேயே எரிந்தது. ஐஸ் கரைந்து மீன் குழைந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாக மீன் கடைக்காரர் சொல்லிவிட்டார். பிழைப்பே அந்த ஒரு கடைதான்.

மலையாண்டியின் மனைவி பொற்கொடி புருஷனோடு வாதாடவில்லை. தண்ணீர் கேன் போடும் தங்கையிடம் சரக்கு ஆட்டோவை இரவல் வாங்கி, புருஷனையும் ஏற்றிக்கொண்டு அன்னவாசல் போனார். தன் முறை வந்ததும் மூடியைத் திறந்துவிட்டு, ஜெகதாப்பட்டினத்து வண்டி என்று சொல்லி, கண்கட்டோடு இருந்த சித்தரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

சித்தர் மோந்தார். முகம் கோணியது. "கடக்கரைப் பெட்ரோலு. உப்பேறிக் கெடக்கு ஆத்தா. மண்ணெண்ணெ வேற கலந்துருக்கான்."

"எம்புட்டு கலந்துருப்பான் சாமி?"

"பாதிக்குப் பாதி."

"கட்டை அவுத்துட்டுப் பாருங்க. இது பேட்டரி வண்டி. நீங்க மோந்தது சார்ஜ் போடுற ஓட்டை."

கூட்டத்தில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "கரண்ட்டுலயும் மண்ணெண்ணெ கலக்குறானுகளா! சாமி இல்லாட்டி நமக்குத் தெரியுமா?"

சித்தருக்கு உயிர் திரும்பியது. வடக்குப் பார்த்த பங்க்கில் பரிகாரம் உண்டு என்றார். பொற்கொடி வண்டியை அந்த பங்க்குக்கே ஓட்டிப் போனார். பின்னாலேயே கூட்டம். மச்சான் பெட்ரோல் குழாயோடு வண்டியை மூன்று சுற்று சுற்றினார். கோயில் பிரகாரத்தைக்கூட அவ்வளவு பக்தியாக யாரும் சுற்றியதில்லை.

"இதுல எங்கிட்டும்மா ஊத்துறது?"

"ஒங்க மாமாதான் மோந்தாரு. அவரையே கேளுங்க."

முதலில் சிரித்தது மலையாண்டி. அப்புறம் வரிசையே சிரித்தது. கேட்க மாமா கிடைக்கவில்லை; கொட்டகையில் மஞ்சள் துணி மட்டும் கிடந்தது.

மலையாண்டி இப்போது ஊர்ப் பக்கத்து பங்க்கிலேயே போடுகிறார். ஃபில்டர் பேப்பர் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு விட்டு, கறையில்லாமல் காய்கிறதா, கலப்படம் இல்லையா என்று பார்க்கிறார். அதற்கு நட்சத்திரம் தேவைப்படவில்லை. இரண்டு கண் போதுமாயிருந்தது. அடுத்தவன் மூக்கை நம்பி வரிசையில் நின்ற பெருமக்களே, உங்கள் தலையும் உங்களிடம்தான் இருக்கிறது. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஒரு தகவல்: கடற்கரை பங்க்குக்கும் வடக்குப் பார்த்த பங்க்குக்கும் பெட்ரோல் இறக்குவது ஒரே டேங்கர் லாரி.